ஜூனியர் ஸ்குவாஷ்: முதல் என்ட்ரி முதல் ரேங்கிங், பயிற்சித் திட்டம் வரை

சென்னையில் ஒரு கிளப்பின் ஜூனியர் பிள்ளைகளுக்குப் போட்டி என்ட்ரி போடுவது, ரிசல்ட் எழுதி வைப்பது, கோச்சோடு உட்கார்ந்து பேசுவது என்று சில வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். புதிதாக வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் ரேங்கைப் பார்க்கிறார்கள், அதை உயர்த்தப் போட்டிகளைத் தேடுகிறார்கள், பிள்ளை எப்படி ஆடியது என்பதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். இந்த வரிசை தலைகீழ். ஆட்டத்தைக் குறித்து வைப்பதில் தொடங்க வேண்டும். குறிப்பிலிருந்து பயிற்சி வரும். ரேங்க் இதற்கெல்லாம் பின்னால், சில மாதம் கழித்துத்தான் வந்து சேரும்.

1. என்ட்ரிக்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

சாதாரண கோடு போட்ட நோட்டு போதும். மேட்சுக்கு ஒரு பக்கம். தேதி, ஊர், வயதுப் பிரிவு, எத்தனையாவது சுற்று, எதிராளியின் பெயர், எந்தக் கையால் ஆடுபவர், கோர்ட் ஏசியா இல்லையா, ஒவ்வொரு கேமின் ஸ்கோர். பக்கத்தின் கீழ்ப்பாதியைக் காலியாக விடுங்கள். அதை எப்படி நிரப்புவது என்று ஆறாவது பகுதியில் சொல்கிறேன்.

போட்டிகளின் ரிசல்ட் இணையத்தில் வரும்தானே, நோட்டு எதற்கு என்று கேட்பார்கள். இணையத்தில் 3-2 என்று இருக்கும், கேம் ஸ்கோரும் இருக்கும். எப்படித் தோற்றோம் என்பது இருக்காது. ஸ்கோர் பெரும்பாலும் ஜெயித்தவர் பக்கத்திலிருந்தே போடப்படும். உங்கள் நோட்டில் எல்லா ஸ்கோரையும் உங்கள் பிள்ளையின் எண்ணை முதலில் வைத்து எழுதுங்கள். ஒரு வருடம் கழித்துப் புரட்டும்போது குழப்பம் வராது.

2. பதிவும் காகிதங்களும்

தேசிய ரேங்கிங் புள்ளி தரும் போட்டிகளில் ஆட எஸ்.ஆர்.எஃப்.ஐ.யில், அதாவது சென்னையிலிருந்தே இயங்கும் இந்திய ஸ்குவாஷ் கூட்டமைப்பில், வீரராகப் பதிவு செய்திருக்க வேண்டும். இதை முதல் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். கடைசித் தேதியன்று இரவு பதிவு செய்ய உட்கார்ந்தால், பிறப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல் என்று ஏதாவது ஒன்று நின்றுவிடும்.

பெயர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். நம் ஊரில் இனிஷியலை ஒரு படிவத்தில் முன்னால் போடுவோம், இன்னொன்றில் அப்பா பெயரை விரித்துப் பின்னால் எழுதுவோம். ரேங்கிங் பட்டியலில் ஒரே பிள்ளை இரண்டு பேராகப் பிரிந்துவிட்டால் புள்ளியும் பிரிந்து கிடக்கும். எங்கள் கிளப்பில் ஒரு பையனுக்கு அப்படி நடந்து, சரிசெய்ய அலைந்தோம்.

3. மட்டை, ஷூ, கண்ணாடி, பந்து

கண் பாதுகாப்புக் கண்ணாடி ஜூனியர் போட்டிகளில் கட்டாயம். ஸ்குவாஷ் பந்தின் விட்டம் சுமார் 40 மில்லிமீட்டர்தான். கண் குழிக்குள் அப்படியே போய்ப் பொருந்தும் அளவு. பவர் கண்ணாடி அதற்கு மாற்றாகாது, உடைந்தால் அதுவே ஆபத்து. அதன் மேல் மாட்டும் வகை கிடைக்கிறது. போட்டிக்கு முன்னால் இரண்டு வாரமாவது பயிற்சியிலும் மாட்டியே ஆட வேண்டும். போட்டியன்று முதல் முறையாக மாட்டும் பிள்ளை, ராலிக்கு ராலி அதைச் சரிசெய்துகொண்டே இருக்கும்.

ஷூ தரையில் கறை விடாத அடிப்பாகம் கொண்டதாக இருக்க வேண்டும். தெருவில் போட்டு நடந்த ஷூவோடு கோர்ட்டுக்குள் விடமாட்டார்கள். மட்டை இரண்டு வேண்டும், இரண்டிலும் நரம்பு இழுவை ஒன்றாக இருக்கட்டும். நடு மேட்சில் நரம்பு அறுந்தால் வேறு இழுவையுள்ள மட்டையில், முன் சுவருக்கு அருகே மெதுவாக விழ வைக்கும் டிராப் எல்லாம் தடுமாறும்.

பந்துதான் பலர் கவனிக்காமல் விடுவது. கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் நீலம் அல்லது சிவப்புப் புள்ளிப் பந்தில் ஆடுகிறார்கள். அவை கொஞ்சம் பெரியவை, நன்றாக எழும்பும். போட்டிகளில் வழக்கமாக இருப்பது இரட்டை மஞ்சள் புள்ளி. அது சூடாகும்வரை எழும்பாது. பயிற்சியில் அழகாக ஆடிய பிள்ளை போட்டியில் 'பந்து செத்துப் போச்சு' என்று சொல்வது இதனால்தான். உங்கள் பிரிவுக்கு எந்தப் பந்து என்று அறிவிப்பில் பார்த்து, மூன்று நான்கு வாரம் முன்பிருந்தே அதற்கு மாறுங்கள்.

கோர்ட்டின் சூடும் பந்தை மாற்றும். மே மாதத்தில் ஏசி இல்லாத சென்னைக் கோர்ட்டில் அதே பந்து துள்ளிக்கொண்டு வரும், டிராப் போட்டால் எதிராளி நிதானமாக வந்து எடுத்துவிடுவார். ஜனவரியில் இங்கிலாந்தில் நடக்கும் பிரிட்டிஷ் ஜூனியர் ஓபனுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு நேர் எதிரான சிக்கல். குளிரில் பந்து எழவே எழாது, ஒவ்வொரு பந்துக்கும் முழங்காலை மடக்கி இறங்க வேண்டும்.

4. எந்தப் போட்டி, எந்தப் பிரிவு

பிரிவுகள் 11, 13, 15, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று போகும். வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள் என்பதை ஒவ்வொரு அறிவிப்பிலும் படியுங்கள். சில வாரத்தில் 13 முடியப்போகிற பிள்ளைக்குப் பழைய ஞாபகத்தில் என்ட்ரி போட்டு, பணம் கட்டி, ரயில் டிக்கெட்டும் எடுத்த பிறகு பெயர் நீக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதல் வருடத்துக்கு என் கணக்கு இது: உள்ளூரில் நடப்பவை மூன்று, வெளியூர் ஒன்று. அவ்வளவுதான். இரண்டு போட்டிகளுக்கு நடுவே ஐந்தாறு வாரம் இருக்கட்டும், ஏனென்றால் முதல் போட்டியில் தெரிந்த குறையைத் திருத்த அவ்வளவு நாளாகும். மாதம் இரண்டு போட்டி ஆடும் பிள்ளை அதே தவற்றை ஊர் ஊராகக் கொண்டு போகிறது.

5. டிராவைப் படிப்பது

யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியலான டிரா வந்ததும் பெற்றோர் முதலில் தேடுவது, முதல் சுற்றில் யார் என்பதை. அதற்கு முன் டிராவின் அளவைப் பாருங்கள். 27 பேர் என்ட்ரி போட்டிருந்தால் 32 இடம் கொண்ட டிரா வரும். மீதி 5 இடங்கள் பை, அதாவது முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு. அவை வழக்கமாக முதல் ஐந்து சீடுகளுக்கு, அதாவது தரப்படி முன்னணியில் வரிசைப்படுத்தப்பட்டவர்களுக்குப் போகும். முதல் சீடும் இரண்டாம் சீடும் எதிரெதிர் பாதியில் இருப்பார்கள், இறுதிப் போட்டியில்தான் சந்திக்க முடியும். சீடிங் இல்லாத பிள்ளைக்கு முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ பெரிய சீட் மாட்டுவது டிராவின் இயல்பு. யாரும் திட்டமிட்டுச் செய்தது அல்ல.

அடுத்து, தோற்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். சில போட்டிகளில் முதல் சுற்றில் தோற்றவர்களுக்குப் பிளேட் என்று தனி டிரா உண்டு. மான்ராட் முறை என்றால் தோற்றவர்களும் தங்களுக்குள் ஆடிக்கொண்டே போய், ஒவ்வொருவரும் ஒரு இடத்தைப் பிடித்து முடிப்பார்கள். ஆகவே முதல் நாள் மாலைக்கே திரும்பும் டிக்கெட் எடுக்காதீர்கள். தோற்ற கையோடு கிளம்பிவிட்டால் மிச்ச மேட்சுகள் ஆடாமலே எதிராளிக்குப் போய் வாக்ஓவர் ஆகும். புதிய பிள்ளைக்கு உண்மையான பாடம் அந்த மேட்சுகளில்தான். தன் தரத்துக்கு நெருக்கமான எதிராளிகள் அங்கேதான் கிடைப்பார்கள்.

6. மேட்ச் நடக்கும்போது குறிப்பது எப்படி

எதையாவது ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஸ்குவாஷ் தெரியாத பெற்றோரும் செய்யலாம்.

முதலில் ஸ்கோர். ஒரு கேமுக்கு 11 புள்ளி, 10-10 ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வரும்வரை ஆட வேண்டும், ஐந்தில் மூன்று கேம் எடுத்தவர் வெற்றி. மார்க்கர் ஸ்கோர் சொல்லும்போது சர்வ் போடுபவரின் எண்ணைத்தான் முதலில் சொல்வார். சர்வ் கை மாறினால் வரிசையும் மாறும். 'ஏழு-நான்கு' என்று கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டே போன ஒரு அப்பா, மகன் ஜெயிக்கிறான் என்று பாதி கேம் வரை நினைத்திருந்தார்.

பிறகு, உங்கள் பிள்ளை இழக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எழுத்து. முன் சுவரின் அடியில் இருக்கும் தகரப் பட்டையான டின்னில் அடித்தால் 'ட'. கோட்டுக்கு மேலே போனால் 'வெ'. எதிராளி நல்ல அடியால் எடுத்தால் 'எ'. எதிராளியின் வழியை மறித்ததாக நடுவர் அவருக்குப் புள்ளி கொடுத்தால், அதாவது ஸ்ட்ரோக் என்றால் 'ஸ்'. பக்கத்திலேயே இடம்: முன்-இடது, முன்-வலது, பின்-இடது, பின்-வலது. ஜெயித்த புள்ளிகளைக் குறிக்க வேண்டாம். இரண்டையும் குறிக்கப் போனால் ராலியைப் பார்க்கவே நேரமிருக்காது.

எங்கள் நோட்டிலிருந்து ஒரு பக்கம். வலது கையால் ஆடும் பெண், பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிரிவு. ஸ்கோர் 11-8, 11-9, 6-11, 7-11, 5-11. வெளியிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும் 'ரெண்டு கேம் லீட் வந்ததும் அசட்டையா ஆடிட்டா' என்றார்கள். குறிப்பைப் பாருங்கள். முதல் இரண்டு கேமில் இழந்த 17 புள்ளியில் 'ட' நான்கு. அடுத்த மூன்று கேமில் இழந்த 33 புள்ளியில் 'ட' பதினைந்து. அந்தப் பதினைந்தில் ஒன்பது முன்-இடது, அதாவது பேக்ஹேண்ட் முன் மூலை. அசட்டையாக ஆடியிருந்தால் தவறு கோர்ட் முழுக்கச் சிதறியிருக்கும். இங்கே ஒரே மூலையில் குவிந்திருந்தது.

இந்த நேரத்தில் பெற்றோர் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. ராலிக்கு நடுவில் சைகை காட்டுவதோ கத்தி யோசனை சொல்வதோ கூடாது. ஆட்டம் நடக்கும்போது கோச்சிங் விதிப்படி தவறு, நடத்தை விதியில் பிள்ளைக்குத்தான் எச்சரிக்கை வரும். கேமுக்கு நடுவே இடைவேளையில் பேசலாம். அப்போதும் ஒரே ஒரு விஷயம் போதும். தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, வியர்வை துடைக்கும் பிள்ளையின் காதில் இரண்டாவது யோசனை ஏறாது.

7. மேட்ச் முடிந்த அரை மணி நேரம்

பிள்ளை எதிராளிக்கும் நடுவருக்கும் கை கொடுத்துவிட்டு வரட்டும். தோற்றவரே அடுத்த மேட்சுக்கு மார்க்கராக இருக்க வேண்டும் என்று பல போட்டிகளில் வழக்கம் உண்டு, அழுதுகொண்டு வெளியே ஓடிவிடாமல் அதற்குத் தயாராக வைத்திருங்கள்.

ஸ்கோர் அட்டையைப் போட்டி மேசையில் கொடுத்த பிறகு, இணையத்தில் ரிசல்ட் ஏறியதும் சரிபாருங்கள். பெயர் மாறி ஏறுவதும் 11-9 என்பது 9-11 ஆவதும் நடக்கும். அன்றே சொன்னால் மேசையிலேயே திருத்திவிடுவார்கள். போட்டி முடிந்து புள்ளிகள் கணக்கான பிறகு சொன்னால் கடிதம் எழுத வேண்டி வரும்.

காரில் வரும் வழியில் மேட்சைப் பற்றிப் பேச வேண்டாம். சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகு பிள்ளையிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 'எந்த இடத்துல கஷ்டமா இருந்துச்சு?' பதிலை அதன் வார்த்தையிலேயே நோட்டில் எழுதுங்கள். அந்தப் பெண் சொன்னது, 'மூணாவது கேம்லேர்ந்து கால் வரலை.' குறிப்பில் இருந்த ஒன்பது 'ட'வுக்கும் இந்த ஒரு வாக்கியத்துக்கும் உள்ள தொடர்பை அடுத்த வாரம் கோச் கண்டுபிடித்தார்.

8. ரேங்கிங் கணக்கை ஒரு முறையாவது கையால் போடுங்கள்

ரேங்கிங் முறை ஒவ்வொரு அமைப்புக்கும் வேறுபடும், அவ்வப்போது திருத்தப்படும். நடப்பு விதிமுறையைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் தேட வேண்டியவை நான்கு: போட்டியின் தரத்துக்கு எத்தனை புள்ளி, மொத்தமா சராசரியா, எத்தனை போட்டி கணக்கில் வரும், புள்ளி எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்.

சராசரி முறையின் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். குறைந்தபட்ச வகுஎண் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை மூன்று போட்டியில் 100, 80, 60 புள்ளி எடுத்திருக்கிறது. மொத்தம் 240. ஆடியது மூன்றுதான் என்றாலும் நான்கால்தான் வகுப்பார்கள், ஆக 60. நான்காவது போட்டியில் 40 புள்ளி வந்தால் 280-ஐ நான்கால் வகுத்து 70. ஏறிவிட்டது. ஐந்தாவதில் 20 புள்ளி மட்டும் வந்தால் 300-ஐ ஐந்தால் வகுக்க வேண்டும், மறுபடி 60. போய் ஆடியதாலேயே இறங்கிவிட்டது. இதுவே 'சிறந்த நான்கின் மொத்தம்' என்ற முறையாக இருந்தால் ஐந்தாவது போட்டி ஒன்றும் செய்யாது, 280 அப்படியே நிற்கும்.

அதனால்தான் 'அதிகம் ஆடினால் ரேங்க் ஏறும்' என்று யாராவது சொன்னால், எந்த முறையில் என்று கேளுங்கள்.

இன்னொரு குழப்பம்: எந்த மேட்சிலும் தோற்காமலே ரேங்க் இறங்குவது. புள்ளிகள் 12 மாதம் கணக்கில் இருக்கும் முறையில், போன வருடம் இதே மாதம் எடுத்த பெரிய புள்ளி இந்த மாதம் உதிர்ந்துவிடும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எந்தப் புள்ளி எந்த மாதம் உதிரும் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தால் அன்று பதற்றம் வராது.

என்ட்ரி போட்ட பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் உடனே மின்னஞ்சலில் எழுத்து மூலம் தெரிவியுங்கள், மருத்துவர் சீட்டையும் இணையுங்கள். டிரா போட்ட பிறகு சொல்லாமல் வராமல் இருந்தால் பல விதிமுறைகளில் அபராதமோ தடையோ உண்டு. போனில் சொன்னேன் என்பது பிறகு செல்லாது.

வயதுப் பிரிவு மாறும் நேரத்தையும் முன்கூட்டியே பாருங்கள். 13-இல் முதல் பத்துக்குள் இருந்த பிள்ளை 15-க்குப் போனதும் பட்டியலின் அடியில் நிற்கும். விதி அனுமதித்தால் மாறுவதற்கு முன்பே மேல் பிரிவில் ஓரிரு போட்டி ஆடுவது நல்லது. புள்ளிக்காக மட்டும் சொல்லவில்லை, அந்த வயதில் பந்து வரும் வேகம் பழகிவிடும்.

9. நோட்டோடு கோச்சிடம் போங்கள்

போட்டி முடிந்த வாரத்திலேயே, பயிற்சி நேரத்துக்கு வெளியே கால் மணி நேரம் கேட்டு வாங்குங்கள். 'அவ ரேங்க் ஏன் ஏறலை' என்று தொடங்கினால் கோச்சுக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நோட்டை விரித்து வைத்தால் பேச்சு தானாக வரும்.

அந்தப் பெண்ணின் பக்கத்தைப் பார்த்த கோச், பேக்ஹேண்ட் டிராப்பைத் திருத்தலாம் என்று சொல்லவில்லை. முதல் இரண்டு கேமில் அதே அடி நன்றாக விழுந்திருக்கிறது. கால் களைத்ததும் கடைசிக் காலடியை எடுத்து வைக்காமல், எட்டிக் கை நீட்டி அடித்ததால்தான் பந்து டின்னுக்குப் போனது. கூடவே இன்னொன்றும் கேட்டார்: களைத்திருக்கும்போது ஏன் டிராப்? பந்து உயரமாகப் போய்ப் பின்னால் விழும் லாப் போட்டிருந்தால் மூச்சு வாங்க நேரம் கிடைத்திருக்குமே.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். பிள்ளைகள் யூடியூபில் உலகத் தரத் தொழில்முறை ஆட்டங்களைப் பார்த்து டின்னை உரசும் டிராப்பைப் பழகுகிறார்கள். அங்கே டின்னின் உயரம் 43 சென்டிமீட்டர். வழக்கமான கோர்ட்டில் 48. அங்கே அழகாக விழும் அடி இங்கே தகரத்தில் சத்தம் போடும்.

ஆறு வாரத் திட்டம் இப்படிப் போனது. முதல் இரண்டு வாரம் பந்தில்லாமல் கோஸ்டிங்: நடுவிலிருந்து முன் இடது மூலைக்குப் போய்த் திரும்புவது, கடைசிக் காலடி நீளமாக இறங்குகிறதா என்பது மட்டுமே கவனம். அதோடு முன் சுவரில் டின்னுக்கு 30 சென்டிமீட்டர் மேலே டேப் ஒட்டி, டிராப் அதற்கு மேல்தான் பட வேண்டும் என்று நிபந்தனை. மூன்றாம், நான்காம் வாரம் நிபந்தனை ஆட்டம்: முன் இடதிலிருந்து லாப் மட்டுமே அனுமதி. கடைசி இரண்டு வாரம், ஓட்டப் பயிற்சி முடித்துக் கால் களைத்த பிறகு, கேம் 2-2 என்று வைத்துக்கொண்டு ஐந்தாவது கேம் மட்டும் ஆடுவது. வரிசை முக்கியம். கால் சரியாகும் முன் மேட்ச் ஆட விட்டால் பழைய பழக்கமே இறுகும்.

ஆறு வாரத்துக்கு வேறு குறை எதையும் தொடவில்லை. அவளுடைய சர்வ் பலவீனம் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் காத்திருந்தது.

அடுத்த போட்டியில் அவள் 1-3 என்று தோற்றாள். ரேங்க் அசையவில்லை. நோட்டில் முன்-இடது 'ட' ஒன்பதிலிருந்து மூன்றாகியிருந்தது. அவள் அப்பா அந்த எண்ணைத்தான் வட்டமிட்டு வைத்தார்.

10. கிளப்புக்குள் பாக்ஸ் லீக்

வெளிப் போட்டிகளுக்கு நடுவே உள்ள வாரங்களில் பிள்ளைகளுக்கு மேட்ச் வேண்டும். அதற்குச் சுலபமான வழி பாக்ஸ் லீக். தரம் ஒத்த ஐந்து பேரை ஒரு பாக்ஸில் போடுங்கள். எல்லோரும் எல்லோரோடும் ஆடினால் மொத்தம் 10 மேட்ச், ஒருவருக்கு நான்கு. ஒரு மாதத்தில் வாரம் ஒன்றாக முடிந்துவிடும். ஆர்வத்தில் எட்டுப் பேரைப் போட்டால் 28 மேட்ச், மாதக் கடைசியில் பாதி ஆடாமல் கிடக்கும், அதோடு லீக் படுத்துவிடும்.

புள்ளி: மேட்சுக்கு வந்து ஆடினாலே 1, ஜெயித்த ஒவ்வொரு கேமுக்கும் 1, மேட்சை ஜெயித்தால் கூடுதலாக 2. வந்து ஆடுவதற்குப் புள்ளி இருப்பதால் தோற்கப்போகும் மேட்சையும் பிள்ளைகள் தள்ளிப்போடுவதில்லை. மாதக் கடைசிக்குள் ஆடாத மேட்சுக்கு இருவருக்கும் பூஜ்யம். முதலிடம் மேல் பாக்ஸுக்கு, கடைசி இடம் கீழ் பாக்ஸுக்கு. பட்டியலைக் கோர்ட் கதவுக்குப் பக்கத்தில் காகிதத்தில் ஒட்டுங்கள், ஸ்கோரைப் பிள்ளைகளே பேனாவால் எழுதட்டும். ஒரு நூலில் பேனாவைக் கட்டித் தொங்கவிட மறக்காதீர்கள்.